என் வீட்டுக்காரரின் பற்கள்

சாமையில் கல் பொறுக்குவதில் ஜமுனாமரத்தூரில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. சந்தையில் வாங்கியதை முறத்தில் புடைத்து, வெயிலில் வைத்து, ஒவ்வொன்றாக எடுப்பேன். எடுத்த கல்லை எறிகிற பழக்கம் எனக்கு இல்லை.

என் வீட்டுக்காரர் குணசீலன் நல்ல மனிதர். குடி கிடையாது, சீட்டு கிடையாது. பேச்சு மட்டும்தான். கல்யாணமோ அடக்க ஆராதனையோ, மைக்கை அவரிடமிருந்து பிடுங்கப் பாஸ்டராலும் முடியாது. வீட்டில் மைக் இல்லாத குறைக்குச் சாப்பாட்டு ஜெபம். ஆதாமில் தொடங்கி, கலெக்டரை ஆசீர்வதித்து, மலை ஏறும் பஸ்களின் பிரேக்குக்காக மன்றாடி ஆமென் சொல்வதற்குள் குழம்பில் ஆடை கட்டிவிடும்.

"ஆண்டவருக்கு வேற வேலை இல்லீங்களா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஜெபத்துல குறுக்க பேசாத மே" என்றவர், முதலிலிருந்து ஆரம்பித்தார்.

முதல் கல் தற்செயல். அவர் முன்பல்லின் முனை பெயர்ந்தது. பல் டாக்டர் பூஜா, பல் நிறத்திலேயே பசை வைத்து, நீல விளக்குக் காட்டி அடைத்துவிட்டார். வாய் மரத்துப் போனதால் அன்று ஜெபம் இல்லை. கல்யாணமாகி நான் சாப்பிட்ட முதல் சூடான சோறு அது.

இரண்டாவது கல் தற்செயல் அல்ல. அவர் இடது பக்கம் மெல்வார். கடைவாய்ப் பல்லில் விரிசல், நரம்பு வரை போயிருந்தது. ரூட் கேனல் செய்து கேப் போட வேண்டும் என்றார் டாக்டர். பல் நிறத்தில் இருந்ததை விட்டுவிட்டு இவர் தங்க நிறத்தைத் தேர்ந்தெடுத்தார். அதைக் காட்டவே வாயை இன்னும் அகலத் திறந்து பேசினார். ஆகவே மூன்றாவது கல்லுக்கு அவரேதான் காரணம்.

அந்தப் பல் வேர்வரை பிளந்ததால் பிடுங்க வேண்டியதாயிற்று.

"ரெண்டு பக்கப் பல்லையும் தேய்ச்சு பிரிட்ஜ் கட்டலாம். இல்லன்னா எலும்புல ஸ்க்ரூ வெச்சு இம்ப்ளான்ட். அது முடிய மாசக்கணக்குல ஆவும், பேச்சையும் குறைக்கணும்" என்றார் டாக்டர்.

"அதையே வெய்யுங்க" என்றேன். என் பாசத்தைப் பார்த்து இவர் கண் கலங்கினார்.

"இவ்ளோ கல்லா சாமையில?"

"மண்ணு வாகு அப்படி, டாக்டர்."

இப்போது ஜெபம் செய்வது நான். சுருக்கமாகத்தான். ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட முடியுமா? போன ஞாயிறு, கொழுந்தன் ஆபேல் ஒரு கண்ணைத் திறந்து, "அண்ணி, சோறு ஆறிப் போச்சி" என்றான். குறுக்கே பேசியதால் முதலிலிருந்து ஆரம்பித்தேன். இவர் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நேற்று முறத்தை அவரே வாங்கிக்கொண்டார். கல்லையெல்லாம் பொறுமையாகப் பொறுக்கி, எறியாமல் ஒரு டப்பாவில் போட்டு மூடினார்.

"ரெனி, நீ எந்தப் பக்கம் மெல்லுவ?" என்று கேட்டார்.

இத்தனை வருஷத்தில் என்னைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி. வாய் நிறையச் சிரித்து, வலது பக்கம் என்றேன்.