முதுகுக்குள் ஒரு கம்பி

அவருக்கு இதுவரை ஒரு படுக்கைப் புண் வந்ததில்லை, டாக்டர் ஐயா. விரிப்பு மாற்றுவது நான், புரட்டிப் படுக்க வைப்பதும் நான். இந்த எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு நீங்கள் புதிது. வந்ததும் வராததுமாக, என் புருஷன் குருசாமிக்குக் கால் எப்படிப் போனது என்று கேட்கிறீர்கள். பழைய டாக்டர் கேட்கவில்லை. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

அவர் கெட்டவர் இல்லை. தேயிலை ஃபாக்டரியில் ஃபிட்டர். லயத்து வரிசை வீடுகளில் பெண்கள் எல்லோரும் கொழுந்து கிள்ளப் போவார்கள், நான் மட்டும் போகக் கூடாது. வேலைக்குக் கிளம்பும்போது கதவை வெளியே பூட்டிக்கொண்டு போவார். பக்கத்து வீட்டு வேலுத்தாய் ஜன்னல் வழியாகத் தண்ணீர் ஊற்றுவாள், நான் பாத்திரத்தில் பிடித்துக்கொள்வேன். அடி உதை ஒன்றும் கிடையாது, பூட்டு மட்டும்தான்.

பிறகு மெஷின் மேடையிலிருந்து விழுந்து அவர் முதுகு போயிற்று. வேலைக்கு லாயக்கில்லை என்று ஒருவர் பேரை வெட்டினால், வீட்டில் இன்னொருவருக்கு வேலை கொடுப்பது எஸ்டேட் வழக்கம். இல்லாவிட்டால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். அப்படித்தான் நான் இங்கே ஆயாவாக வந்தேன். சூட்டு மெஷினைப் போடக் கற்றுக்கொண்டேன். இடுப்பில் பட்டையை வைத்துக் கரண்டு விட்டால் சதைக்குள் சூடு இறங்கும். அவருக்கும் பல தடவை வைத்திருக்கிறேன். சம்பளம் கிடக்கட்டும், காலையில் நானே கதவைச் சாத்திவிட்டு வெளியே நடப்பது எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

எமர்ஜென்சி முடிந்த வருஷம், வலி தாங்காமல் கத்துகிறார் என்று கம்பெனி அவரை மெட்ராஸுக்கு அனுப்பியது. அங்கே தண்டுவடத்தை ஒட்டி மெல்லிய கம்பியும், விலாத் தோலுக்கு அடியில் ஒரு வில்லையும் வைத்துத் தைத்தார்கள். வெளியே ஒரு சின்னப் பெட்டி. அதைத் திருகினால் வலி அடங்கி, சுருசுருவென்று மட்டும் இருக்குமாம். அவர் மயக்கத்தில் கிடந்தபோது டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "உங்க எஸ்டேட்ல சூடு வைக்கிற மெஷின் இருக்கா? அது இவர் பக்கத்துலயே வரக் கூடாதும்மா. உள்ள கம்பி பழுக்கக் காஞ்சு நரம்பைச் சுட்டுடும்."

சரிங்க என்றேன். அவரிடம் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன்.

வலி போயிற்று. மனுஷன் நிமிர்ந்துவிட்டார். "மேனேஜர் துரையப் பாத்து எம்பேர மறுபடி ஏத்தச் சொல்லப் போறேன். நீ இனி வீட்டுலயே கெட," என்றார். மறையூர் கடைத்தெருவில் புதுப் பூட்டு ஒன்றும் வாங்கி வந்தார்.

துரையைப் பார்க்கப் போகிற அன்று நல்ல மழை. இடுப்பு இறுகிக்கொண்டது என்று நேராக இங்கே வந்தார். "ஏ ராமுத்தாயி, கொஞ்சம் சூடு வச்சு விடு. துரை முன்னால கூனிக்கிட்டு நிக்கக் கூடாது பாரு."

அவர் கேட்டார், நான் வைத்தேன். குப்புறப் படுத்திருந்தார். கொஞ்ச நேரத்தில், "என்னமோ உள்ளுக்குள்ள சுடுதுடி," என்றார். வலி இறங்குகிறது, அப்படித்தான் இருக்கும் என்றேன். "அணைச்சிரு புள்ள, அணைச்சிரு," என்றார். எழுந்திருக்கப் பார்த்தார், கால் வரவில்லை. மெஷின் திருகு என் கையில்தான் இருந்தது, ஐயா. அணைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் கூட்டினேன்.

யார் கேட்டாலும் மழையில் வழுக்கி விழுந்ததாகத்தான் அவர் சொல்கிறார். அப்படிச் சொல்லச் சொல்லி நான் கேட்டதே இல்லை. என்னை இந்த வார்டிலிருந்து மட்டும் மாற்றிவிடாதீர்கள். வேறு யார் அவரைப் பார்த்துக்கொள்வார்கள்? மற்றவர்களிடம் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருப்பார். நான் கஞ்சியோடு கிட்டே போனதும் பேச்சை நிறுத்திக் கண்ணை இறுக மூடிக்கொள்கிறார். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.