ஆட்டத்தின் நடுவே கைத்தொலைபேசியை எடுத்தது பற்றி

என் பெயர் சூசைதாசன் கிளறிற்றா. வயது நாற்பத்தேழு. மன்னாரில் பிறந்தேன். தற்போது கணவருடன் தோர்ண்டன் ஹீத்தில் வசித்து, முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் வேலை செய்கிறேன். எனக்கு ஆங்கிலம் தெரிந்தாலும் இதைத் தமிழில் சொல்ல விரும்பி மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுக்கொண்டேன். ஜெராட் என்பவரின் கைத்தொலைபேசியை நான் திருடினேன் என்று பொலிசில் செய்யப்பட்ட முறைப்பாடு எனக்கு வாசித்து விளங்கப்படுத்தப்பட்டது.

சென்ற ஆண்டு இலையுதிர் காலத்தில், என்னுடன் வேலை செய்யும் அஜித்தா, குரொய்டனில் ஒரு மதுச்சாலையின் மேல்மாடியில் நடக்கும் பெர்லெஸ்க் வகுப்புக்கு என்னை அழைத்துச் சென்றார். பெர்லெஸ்க் என்பது அலங்கார உடைகளை இசைக்கு ஏற்ப ஒவ்வொன்றாகக் கழற்றி, சபையைச் சிரிக்கவும் ஏங்கவும் வைக்கும் மேடை ஆட்டம். அஜித்தா இரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டார். நான் நிற்கவில்லை. இங்கே காரணம் கேட்கப்பட்டபோது, ஆட்களைத் தூக்கி இருத்தவும் படுக்க வைக்கவும் மட்டுமே பயன்பட்டு வந்த என் தோள்கள் அங்கிருந்த கண்ணாடியில் பார்க்க நன்றாக இருந்தன என்று சொன்னேன்.

முதலில் எனக்கு எதுவும் சரிவரவில்லை. முழங்கைக்கு மேல்வரை வரும், பளபளக்கும் சற்றின் துணிக் கையுறையை, வேலையில் ரப்பர் கையுறையை உரித்து வாளிக்குள் போடுவது போலவே உரித்தேன். ஆசிரியை மார்னி சிரித்துவிட்டு, விரல் விரலாக இழுக்க வேண்டும், சபையைக் காக்க வைக்க வேண்டும், ஒருவரைத் தெரிவுசெய்து அவர் கண்ணைப் பார்க்க வேண்டும் என்றார். நான் கூரையைப் பார்த்தேன். அதன் பின்னர் வீட்டுக் குசினியில் பழகத் தொடங்கினேன். ஒருநாள் தேத்தண்ணீர் போட வந்த என் கணவர் அதைக் கண்டு என்னவென்று கேட்டார். நான் உள்ளதைச் சொன்னேன். அவர் கதிரையில் இருந்துகொண்டு, "எங்கை, திருப்பிச் செய்யும் பாப்பம்" என்றார். செய்தேன். "நீர் ஏன் இப்பிடிப் பறக்கிறீர்? ஆரும் பின்னாலை கலைச்சுக்கொண்டு வருகினமோ?" என்றார்.

அதன் பின்னர் அவர் கண்ணைப் பார்த்தே பழகினேன். பல நாட்கள் இருவருக்கும் சிரிப்பு வந்து இடையில் நிறுத்தினோம். ஒருநாள் சிரிப்பு வரவில்லை. அவருடைய தேத்தண்ணீர் குடிக்காமலே ஆறிப்போனது. மார்னி அடுத்த வகுப்பில் என்னைப் பார்த்துவிட்டு, மாணவர் நிகழ்ச்சியில் என் பெயரைச் சேர்த்தார்.

நிகழ்ச்சி சென்ற சனிக்கிழமை அதே மாடியில் நடந்தது. யாரும் படம் எடுக்கக் கூடாது என்று தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டது. நான் பச்சை மேலங்கியும், அதன் கீழே மினுக்குத் தைத்த உடுப்பும் அணிந்திருந்தேன். வலக் கையுறையைக் கழற்றி முடித்தபோது, எங்கள் பங்குக் கோயிலின் பாடகர் குழுவில் பாடும் ஜெராட், வேலைத்தள நண்பர்களுடன் முன்வரிசையில் இருப்பதையும் அவருடைய கைத்தொலைபேசி என்னை நோக்கியிருப்பதையும் கண்டேன். ஞாயிறு பூசைக்கு வரும் முகங்கள் எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. உள்ளே ஓடிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் பாட்டு இன்னும் முடியவில்லை.

ஆகவே நான் அவரைத் தெரிவுசெய்து, அவர் கண்ணைப் பார்த்தபடி படியிறங்கிப் போனேன். அவசரப்படவில்லை. அவர்தான் முதலில் கண்ணைத் தாழ்த்தினார். நான் அவருடைய விரல்களைத் தாளம் தவறாமல் ஒவ்வொன்றாக விலக்கிக் கைத்தொலைபேசியை எடுத்து, கழற்றிய கையுறைக்குள் போட்டு முடிச்சுப் போட்டு, பின்வரிசையில் இருந்த என் கணவரிடம் கொடுத்தேன். இதுவும் ஆட்டத்தின் பகுதி என்று நினைத்துச் சபை தரையில் காலால் தட்டியது. அதன் பின்னர் மேடைக்குத் திரும்பி, மீதியை ஆடி முடித்தேன்.

ஆட்டம் முடிந்தபின், மதுச்சாலை மனேஜர் முன்னிலையில் என் கணவர் முடிச்சை அவிழ்த்துக் கைத்தொலைபேசியை ஜெராட்டிடம் திருப்பிக் கொடுத்தார். ஜெராட், "அண்ணை, மனிசியை இப்பிடி ஆடவிட்டிட்டு இருக்கிறியளே, பங்குச் சனம் பாத்தா என்ன சொல்லும்?" என்று கேட்டார். என் கணவர், "பாத்தாக் கைதட்டும். நான் தட்டினனான்" என்றார். பிறகு, "தம்பி, அதை அழிக்கிறதுக்கு முதல் எனக்கு ஒருக்கா அனுப்பும். பின்னுக்கு இருந்தபடியா அவவின்ரை முகம் வடிவாத் தெரியேல்லை" என்றும் கேட்டார். ஜெராட் எல்லோரும் பார்த்திருக்கத் தானே அந்த ஒளிப்பதிவை அழித்துவிட்டு வெளியேறினார். அடுத்த நாள் முறைப்பாடு செய்திருக்கிறார்.

நான் அந்தக் கைத்தொலைபேசியை வைத்திருக்கவோ அதிலிருந்து எதையும் அழிக்கவோ இல்லை. என் கணவர் வெளியே வரவேற்பறையில் இருக்கிறார். அவரையும் விசாரிக்கலாம். நடந்ததை அவர் நடந்தபடியே சொல்வார். என் ஆட்டத்தைப் பற்றி மட்டும் கூட்டிச் சொல்லக்கூடும், அதைக் கழித்துக்கொள்ளவும்.

இவை எனக்குத் தமிழில் திருப்பி வாசித்துக் காட்டப்பட்டன. நான் சொன்னபடியே இருக்கின்றன, மாற்ற ஒன்றுமில்லை. உண்மை என்று ஏற்றுக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
சூ. கிளறிற்றா