பந்து இல்லாமல் சொன்னது

என் பெயரும் விலாசமும் மேலே குறித்துக்கொண்டபடி சரி. வயது ஐம்பத்து இரண்டு. முதுகலைப் பட்டம் பெற்றவன். மேற்படி கிடங்கில் இருப்புப் பிரிவு மேற்பார்வையாளராக இருக்கிறேன். எங்கள் மேலாளர் என்னைவிட வயதில் மிகவும் இளையவர். அந்தப் பதவிக்கு நானும் விண்ணப்பித்திருந்தேன்.

அவர் வந்த பிறகு தினமும் காலையில் அனைவரும் வட்டமாக நின்று கூட்டம் நடத்துகிறோம். மஞ்சள் ரப்பர் பந்து ஒன்று கைமாறும். பந்து வைத்திருப்பவர் மட்டுமே பேசலாம். பந்து இல்லாமல் பேசினால் பேசியதாகக் கணக்கில்லை என்பது மேலாளர் வைத்த விதி.

சம்பவ தினத்தன்று பந்து மனிதவள அலுவலரான பெண்ணிடம் இருந்தது. குழுப் புகைப்படத்துக்கு எல்லோரும் எந்த நிறச் சட்டை போடுவது என்று அவர் பேசிக்கொண்டிருந்தார். அப்போது சரக்கு லிஃப்ட் இயக்குபவர், நாங்கள் மாமா என்று கூப்பிடுகிறவர், கையைத் தூக்கி, "லிஃப்ட் பிரேக் வழுக்குது, நிறுத்தி வைக்கணும்" என்றார்.

"பந்து வரட்டும் மாமா" என்றார் அந்த அலுவலர்.

"பந்து வர்றதுக்குள்ள லிஃப்ட் கீழ வந்துரும்மா."

எல்லோரும் சிரித்தார்கள். மேலாளரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, அந்தக் கூட்டத்தில் நான் எதற்கும் சிரிப்பதில்லை. அதன் பிறகு சட்டை விஷயம் முடியும் முன்பே நேரமாகிவிட்டதால் கூட்டம் கலைந்தது.

அதன் பிறகு படிக்கட்டருகே மாமா மேலாளரை மறித்து, "அப்ப ஓட்டட்டுமா, வேணாமா?" என்று கேட்டார். மேலாளர் அவர் தோளைத் தட்டி, "ஓட்டுங்க மாமா, நாளைக்கு முதல் பந்து உங்களுக்குத்தான்" என்றார். இரண்டு படி மேலே நின்றிருந்த நான் இதைக் காதால் கேட்டேன்.

அதன் பிறகு மதியச் சாப்பாட்டுக்கு முன் பெரிய சத்தம் கேட்டு ஓடினேன். சரக்கோடு இறங்கிய லிஃப்ட் நிற்காமல் வந்து, கீழே தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டிருந்த பேக்கிங் பிரிவுப் பெண்ணின் வலது காலை நசுக்கியிருந்தது. மாமா கடப்பாரையால் கூண்டை நெம்பிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் அழவில்லை. தன் செருப்பு எங்கே என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

அதன் பிறகு மாலையில் மேலாளர் எங்களை அறைக்குக் கூப்பிட்டு, பிரேக் பற்றிக் கூட்டத்தில் யாரும் தெரிவிக்கவில்லை என்றே அனைவரும் சொல்ல வேண்டும் என்றார். என்னைப் பார்த்து, "பந்தோட யாரும் சொல்லல, அது உண்மைதானே? படிச்சவரு நீங்க, உங்களுக்குப் புரியும்" என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். பழுதைத் தெரிவிக்காமல் இயக்கினார் என்று மாமாவை அதற்குள் இந்தக் காவல் நிலையத்துக்கு அழைத்து வந்துவிட்டீர்கள்.

எனக்கும் மேலாளருக்கும் முன்விரோதம் உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. அவருக்குத் தண்டனை கிடைத்தால் நான் வருத்தப்பட மாட்டேன். அதை எழுதினால் சாட்சியம் பலவீனப்படும், விட்டுவிடலாமா என்றீர்கள். விட வேண்டாம். அவருடைய வக்கீல் எப்படியும் அதைத்தான் முதலில் கேட்பார். பகை இருப்பதால் ஒருவனுக்குக் காது கேட்காமல் போய்விடாது. இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இவை நான் சொன்னவை, நடந்தவை. வாசித்துக் காட்டியபோது படிக்கட்டுப் பேச்சை "கேட்டதாகத் தெரிகிறது" என்று எழுதியிருந்ததை அடிக்கச் செய்து, "கேட்டேன்" என்று எழுதிய பிறகே கையொப்பமிட்டேன்.