வெளிச்சம் பாக்க ஒரு ஆள்

இல்ல தம்பி, தண்ணில விழல, உடையல, கேமரா கார்டு நல்லாத்தான் இருக்கு. நானே என் கையால அழிச்ச படங்களைத் திருப்பி எடுக்கணும், அவ்வளவுதான். முடியும்னு வெளிய போர்டு போட்டிருக்கீங்களே, அதை நம்பித்தான் வந்தேன்.

அழிச்சதுக்கப்புறம் இதுல ஏதாவது எடுத்தேனாவா? ஊர்லேருந்து வந்து நல்லதையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டு, கார்டைத் துடைச்சேன் பாருங்க, அதுக்கப்புறம் ஒண்ணுகூட எடுக்கல. கேமராவையே தொடல. நல்லதா? அப்பாடா. நான் சும்மா இருந்ததால உருப்பட்ட காரியம் இது ஒண்ணுதான் போல.

ஓடட்டும், ஓடட்டும். அவசரமில்ல. நான் இந்தக் கண்ணாடிக் கதவு ஓரமா நின்னுக்கறேன், வெளிய ஒரு கண்ணு வச்சுக்கணும்.

தொழிலா? ஐயோ, அதெல்லாம் இல்ல. இன்சூரன்ஸ் ஆபீஸ்ல க்ளைம் பாக்கறவன். லீவு நாள்ல மட்டும் கலைஞன். கேமரா வாங்கின கையோட, உடம்பெல்லாம் பாக்கெட் வச்ச ஜாக்கெட் ஒண்ணும் வாங்கினேன். அதைப் போட்டாத்தான் படம் நல்லா வரும்னு ஒரு நெனப்பு. இன்னிக்கு வரைக்கும் லென்ஸ் மூடி எந்தப் பாக்கெட்ல இருக்குன்னு என் வீட்டுக்காரிதான் சொல்லணும்.

தெருவுல எடுக்கறது இருக்கே, அது லேசுப்பட்ட வேலை இல்ல. ஒருநாள் மழை விட்டிருக்கு. ரோட்ல தேங்கின தண்ணில எதிர்க் கட்டடம் தலைகீழாத் தெரியுது. குனிஞ்சு எடுத்துட்டுப் போயிருக்கலாம்ல? குப்புறப் படுத்துட்டேன். மூச்சைப் புடிச்சுக்கிட்டு, அசையாம. யாரோ ஒரு அம்மா, ஐயையோ மனுஷன் மயங்கிட்டாருன்னு பாட்டில் தண்ணியை மூஞ்சில அடிக்கறாங்க. இன்னொருத்தர் என் செருப்பைக் கழட்டி உள்ளங்காலைப் பரபரன்னு தேய்க்கறார். எந்திரிக்க எனக்கு வெக்கம், அதனால மயக்கமாவே இருந்துட்டேன். கூட்டத்துல என் வீட்டுக்காரியும் நிக்கறா. கட்டினவனைக் காப்பாத்தணும்ல? இன்னும் கொஞ்சம் ஊத்துங்க, இவருக்கு லேட்டாத்தான் தெளியும்ங்கறா.

இதுல கிளப் வேற. ஆமா, போட்டோ கிளப். அதோட தலைவருக்கு நாங்க வச்ச பேரு ஃப்ரேம் சார். எதைப் பாத்தாலும் ரெண்டு கையையும் சட்டம் மாதிரி கட்டிக்கிட்டுத்தான் பாப்பார், சோத்துத் தட்டைக்கூட. தெருப் படத்துல சொந்தக்காரங்க மூஞ்சி வந்துட்டா அது கலை இல்ல, குடும்ப ஆல்பம்பார். ஒரு தடவை என் படத்தோட ஓரத்துல அவளோட தோள்பட்டை வந்துடுச்சு. தோள்பட்டைதான் தம்பி. அதைப் பெரிய திரையில போட்டு, நம்ம ஆல்பம்காரர்னு எனக்குப் பேரு வச்சுட்டார். அத்தனை பேரும் சிரிக்கறானுங்க. அன்னிலேருந்து ஒரு படத்துலயும் அவ நகம்கூட வராமப் பாத்துக்கிட்டேன்.

ஆனா அவ இல்லாம எனக்கு வேலையும் ஓடாது. வெளிச்சம் பாக்க ஒரு ஆள் வேணும்ல? எந்த ஊருக்குப் போனாலும் நான் இடத்தைப் பிடிச்சுட்டு, அங்க போய் நில்லுன்னுவேன். நிப்பா. ஒண்ணு எடுத்துப் பாப்பேன், இருட்டா இருந்தா இன்னொண்ணு. சரியா வந்ததும், நகரு நகரு, ஆளு வருதுன்னு அவளை விரட்டிட்டு, அந்த ரெண்டையும் அங்கேயே அழிச்சுடுவேன். அவ்வளவு சுத்தமான வேலைக்காரன்.

நிக்கறவ சும்மாவும் நிக்க மாட்டா. என்னை எடுக்கறீங்களா, எனக்குப் பின்னாடி இருக்கற செவுத்தை எடுக்கறீங்களான்னு கேப்பா. கேட்டு முடிக்கறதுக்குள்ள அவளுக்கே சிரிப்பு பொத்துக்கிட்டு வரும். வாயை மூடு, வெளிச்சம் போகுதுன்னு நான் கத்துவேன்.

கடைசியாப் போன ஊர்ல ஒரு செங்கல் செவுரு. சாயங்கால வெயில் சாய்வா விழுது. யாராவது ஒருத்தர் குடை பிடிச்சுட்டு அதைக் கடந்து போனா அற்புதமா இருக்கும்னு காத்துக் கிடக்கறேன். வெயில்ல எவன் குடையோட வருவான்? வந்தது போலீஸ்காரர். அது ஒரு பேங்கோட பின்பக்கச் செவுராம். இங்க ரொம்ப நேரமா என்ன நோட்டம்னு கேக்கறார். நான் பாக்கெட் பாக்கெட்டா ஆபீஸ் அட்டையைத் தேடறேன். அவதான் போய், திருடன் இல்லீங்க, திருடனா இருந்தா இந்நேரம் வேலையை முடிச்சிட்டுப் போயிருப்பான்னா. அந்த மனுஷனே சிரிச்சுட்டார். அந்தச் செவுரு இந்தக் கார்டுலதான் இருக்கணும்.

ஆ, வருதா? திருப்புங்க, பாக்கறேன். அது மலை, வேணாம். படகு... நல்ல படந்தான், ஆனா வேணாம், வீட்ல மூணு இடத்துல காப்பி வச்சிருக்கேன். அதுவா? அது பரிசு வாங்கினது. ஆறுதல் பரிசு, கலந்துக்கிட்ட அத்தனை பேருக்கும் கொடுத்தாங்க. தள்ளுங்க, தள்ளுங்க. நல்ல படம் எதுவும் எனக்கு வேணாம். அப்பவே அழிச்சதுதான் வேணும்.

என்ன சொல்றீங்க? அழிச்ச இடத்துலயே அடுத்த படம் வந்து உக்காந்துக்குமா? அப்போ முக்கால்வாசி போச்சுங்கறீங்க. ம். இருங்க, எதுக்கும் கடைசி வரைக்கும் போங்க.

நில்லுங்க. ஒண்ணு மேல. இதுதான் அந்தச் செவுரு.

அடக் கடவுளே. செங்கல் ஒவ்வொண்ணும் எவ்வளவு துல்லியமா விழுந்திருக்கு பாருங்க, முன்னாடி நிக்கற ஆளு மசமசன்னு இருக்கா. அவ கேட்டதுல என்ன தப்பு? செவுத்தைத்தான் எடுத்திருக்கேன். இல்ல தம்பி, அழிச்சுடாதீங்க! இதுதான், இதேதான். பெருசு பண்ணுங்க. வாய்ப் பக்கம். தெரியுதுல்ல? ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தானே மேல போகுது?

யாரா? வெளிய பெஞ்சுல, கைக்குட்டையை வாய்கிட்ட வச்சுக்கிட்டு உக்காந்திருக்காளே, அவதான். ஊர்லேருந்து வந்த கொஞ்ச நாள்லயே முகவாதம். காலைல வாய் கொப்பளிக்கறா, தண்ணி ஒரு பக்கமா வழியுது. தெரியாம அதுக்கும் கிண்டல் பண்ணினேன். மத்தவங்களுக்குச் சீக்கிரம் சரியாயிடுமாம், இவளுக்கு இழுத்துக்கிட்டே போகுது. அதுலேருந்து சிரிக்கறதே இல்ல தம்பி. நானும் என்னென்னவோ கூத்தடிச்சுப் பாத்துட்டேன். வீட்ல இருக்கவே முடியல எனக்கு.

பிசியோதெரபி பொண்ணு சொல்லிச்சு, முன்னாடி எப்படிச் சிரிப்பீங்கன்னு ஒரு படம் கொண்டு வாங்க, கண்ணாடி பக்கத்துல வச்சுப் பாத்துப் பழகலாம்னு. கல்யாண ஆல்பத்துல உம்முனு இருக்கா. யாராவது சிரிங்கன்னா இறுகிடுவா, அவ சுபாவம் அது. போன்லயா? போன்ல எடுக்கறதெல்லாம் ஒரு படமான்னு வீட்ல தடை போட்ட மகானே நான்தானே.

அவ அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொன்னா தெரியுமா? எங்க வீட்டுக்காரர் எந்த ஊருக்குப் போனாலும் மொதல்ல என்னைத்தான் எடுப்பார், ஆயிரக்கணக்குல வச்சிருக்கார், எதைக் கொண்டு வரதுன்னுதான் தெரியலன்னா. பெருமையாச் சொல்றா, ஒரு பக்க வாயால. நான் ஆமாம்னு தலையாட்டிக்கிட்டு நிக்கறேன்.

இப்போகூட பிரிண்ட் போடத்தான் வந்திருக்கோம்னு நெனச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. அந்தா, எந்திரிச்சுட்டா, இங்கதான் வர்றா. தம்பி, கேட்டா, ஆயிரத்துல இதை நீங்கதான் பொறுக்கி எடுத்தீங்கன்னு சொல்லிடுங்க.