எட்டடி வீட்டில் ஏழடி மேஜை

சந்திரம்மா: ...அடுப்பாண்ட போகணும்னா மேஜைக்கு அடியில தவழ்ந்துதான் போகணும். முப்பத்தஞ்சு வயசுல தவழறேன்யா!

ஆதிகேசவன்: குனிஞ்சா போதும். தவழச் சொன்னது யாரு?

சந்திரம்மா: இடுப்புல கொடத்தோட குனிய முடியுமா? மேஜை ஏழடி, ஊடு எட்டடி. மிச்ச ஒரு அடியில நீ, நான், மூணு புள்ளைங்க, ஒரு பூனை!

ஆதிகேசவன்: பூனை நம்மளுது இல்லையே.

சந்திரம்மா: மேஜையோட நீ செஞ்ச நாற்காலியைப் பாத்துட்டுத்தான் அதுவும் குடி வந்துச்சு. பேஜாரு! எவனோ தொரை படத்தைக் காட்டினா செஞ்சுடுவியா?

ஆதிகேசவன்: மெஷின் படக்கூடாது, கையாலயே செய்யணும், இங்கிலீஷ் வேலையா இருக்கணும், பாத்தா ஜப்பான்காரன் ஊட்டுச் சாமான் மாதிரி தெரியணும்னான். எட்டு மாசம் இழைச்சேன். சுதந்திரம் வந்துச்சு, கப்பலேறிட்டான். நான் இன்னாடி பண்ணுவேன்?

சந்திரம்மா: வித்துத் தொலைய்யா! நாலு பேரு வந்தான். நல்லாத்தான் தடவிப் பாத்தான்... நீ பீடி வாங்கினு வர்றதுக்குள்ள ஓடிட்டான்.

ஆதிகேசவன்: இன்னிக்கு பிரேசர் டவுன் ஹெட்மாஸ்டர், ஆம்ப்ரோஸ் சார் வர்றாரு. நீ வாயைத் தொறக்காத.

சந்திரம்மா: நான் எதுக்குத் தொறக்கறேன்?

ஆம்ப்ரோஸ்: ஆதிகேசவா! உள்ள வரலாமா? எங்க வர்றது... வாசல்லயே நாற்காலி நிக்குது.

ஆதிகேசவன்: அதுலயே உக்காருங்க சார்.

ஆம்ப்ரோஸ்: அடடா... ஜோகுபாளையம் சந்துக்குள்ள இப்படி ஒரு சாமானா! முதுகுல வரிசையா மெல்லிசு மெல்லிசாச் சட்டம்...

சந்திரம்மா: ஜெயில் கம்பி.

ஆதிகேசவன்: ஏய்!

ஆம்ப்ரோஸ்: மேஜை ஓரம் கூட ஜப்பான் கோயில் கூரை மாதிரி லேசா மேல வளையுதே! ஆணி எங்கப்பா?

ஆதிகேசவன்: ஒரு ஆணி கெடையாது சார். ஒண்ணுக்குள்ள ஒண்ணு செருகி மர ஆப்பு அடிச்சிருக்கேன். யானை ஏறினாலும் அசையாது.

ஆம்ப்ரோஸ்: என் வீட்டுக்காரி பவுலின் பாத்தா மயங்கியே விழுந்துடுவா. நாளைக்கே வண்டி அனுப்பறேன்.

ஆதிகேசவன்: ...வாசல்ல போகாது சார்.

ஆம்ப்ரோஸ்: ஆப்பைத் தட்டினா கழண்டுடாதா?

ஆதிகேசவன்: வஜ்ரப் பசை காய்ச்சி ஒட்டிட்டேன் சார். இனிமே செவுத்தை இடிச்சாத்தான்.

ஆம்ப்ரோஸ்: இடிச்சு, நானே திரும்பக் கட்டித் தர்றேன்!

ஆதிகேசவன்: வாடகை ஊடு சார்...

ஆம்ப்ரோஸ்: வீட்டுக்காரர்கிட்ட நான் பேசறேன்பா!

சந்திரம்மா: சார்... கொஞ்சம் எழுந்திருங்க.

ஆம்ப்ரோஸ்: ஏம்மா?

சந்திரம்மா: மூட்டைப்பூச்சி. ஒவ்வொண்ணும் நெல்லிக்கா சைஸு. போன வாரம் பூனையைக் கடிச்சு, அதுக்கு நடக்கவே தெம்பில்லை...

ஆம்ப்ரோஸ்: ஐயையோ! ஏறிடுச்சு... தொடையில ஏறிடுச்சு! வர்றேன்பா!

ஆதிகேசவன்: சார்! சார்! ...அடிப்பாவி! எங்கடி இருக்குது மூட்டைப்பூச்சி? அந்த நாலு பேரையும் இப்படித்தான் வெரட்டினியா?

சந்திரம்மா: நீ மட்டும்? ஆப்பைத் தட்டினா அரை மணியில கழண்டுடும்னு நீதானே சொன்னே? வஜ்ரம் எப்பய்யா போட்டே?

ஆதிகேசவன்: ...போடலை.

சந்திரம்மா: அப்புறம்?

ஆதிகேசவன்: ஆயுசு பூரா அடுத்தவன் ஊட்டுக்கே இழைச்சேன். இது ஒண்ணாவது... சரி, என்னை விடு. தினம் தவழறே, தினம் திட்டறே. நீ எதுக்குடி வெரட்டினே?

சந்திரம்மா: கல்யாணம் ஆனதுலேருந்து நீங்கல்லாம் தரையில உக்காந்து தின்னீங்க, நான் நின்னு பரிமாறினேன். கடைசியில சட்டியை வழிச்சு, ஆறின சோறு. இது வந்தப்புறம் தரையில எடமில்லை. சட்டியெல்லாம் மேஜை மேல... நானும் ஒரு நாற்காலியில உக்காந்துட்டேன். ஒம்பது மாசமா சுடுசோறு திங்கறேன்யா! அதைப் போயி எவனுக்காவது தூக்கிக் குடுப்பேனா? பூனையை எறக்கிட்டு உக்காரு, ஆறிடப் போவுது.