நாலு விரல் வானம்

அத்தை: ...பதினாலு. நேத்து பதினாலுல விட்டேன். இப்ப நீங்க எண்ணிப் பாருங்க.

மாப்பிள்ளை: எதை அத்தை?

அத்தை: வானத்தை. நான் நெய்யற படத்துல தண்ணித் தொட்டிக்கு மேல எத்தனை வரி நீலம் இருக்கு, எண்ணுங்க.

மாப்பிள்ளை: இந்தப் பாடப்புத்தகத்தை நாளைக்குள்ள பிழை திருத்திக் கொடுக்கணும் அத்தை...

அத்தை: அது எங்கயும் ஓடாது. என் வரிதான் ஓடுது.

மாப்பிள்ளை: சரி... ஏழு, எட்டு, ஒன்பது. ஒன்பது இருக்கு.

அத்தை: மீதி அஞ்சு எங்க போச்சு?

மாப்பிள்ளை: முள்கரண்டியால அடிச்சு அடிச்சு இறுக்கறீங்கல்ல. உள்ள போயிருக்கும்.

அத்தை: அடிச்சா வரி நெருங்கும். காணாமப் போகுமா?

மாப்பிள்ளை: எனக்கென்ன தெரியும். நெய்யக் கத்துக்கறது நீங்க.

அத்தை: நெய்யறதுதான் இப்பக் கத்துக்கறேன். எண்ண ஒண்ணாம் கிளாஸ்லயே கத்துக்கிட்டேன்.

மாப்பிள்ளை: கோவப்படாதீங்க...

அத்தை: கோவம் இல்ல மாப்பிள்ளை. எனக்கு இது புரியணும். படிக்கட்டு ஒரு வாரத்துல முடிஞ்சுது. தொட்டிக்கு ஆறு நாள். இந்த வானம் மொத்தமே நாலு விரல் உயரம். ஒரே நீலம், பின்னாடி வெச்சிருக்கற படத்தைக்கூடப் பார்க்க வேண்டாம். பத்து நாளா இது மட்டும் ஏன் ஏற மாட்டேங்குது?

மாப்பிள்ளை: அவசரமா என்ன?

அத்தை: அவசரம்தான். படம் முடிஞ்சதும் ஊருக்குக் கிளம்பறேன்னு சொல்லியிருக்கேன். சொன்னா சொன்னதுதான்.

மாப்பிள்ளை: கையும் முழுசா சரியாகல...

அத்தை: கைக்கு என்ன? கட்டுப் பிரிச்சே ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. பயிற்சி சொல்லிக்கொடுக்கற பொண்ணே சொல்லிட்டா, இனிமே வர வேண்டாம், கை நல்லாயிடுச்சுன்னு.

மாப்பிள்ளை: எப்ப சொன்னாங்க? நீங்க வீட்ல சொல்லவே இல்லையே.

அத்தை: ...மறந்திருப்பேன். பேச்சை மாத்தாதீங்க.

மாப்பிள்ளை: ஒருவேளை பூனையோ? பின்பக்க ஜன்னல் வழியா ஒண்ணு வரும்.

அத்தை: பூனை இழுத்துச் சிக்காக்கும். அழகாப் பிரிச்சு, திரும்ப நூல் உருண்டையில சுத்தி வெச்சுட்டுப் போகுமா?

மாப்பிள்ளை: உருண்டையிலயா?

அத்தை: இந்தாங்க. வெளிச்சுத்தைப் பாருங்க. நூல் எப்படி இருக்கு?

மாப்பிள்ளை: நூல் மாதிரிதான் இருக்கு.

அத்தை: நெளிநெளியா இருக்கு. புது நூல் நேரா இருக்கும். நெட்டுக்குக் கட்டியிருக்கற பாவு நூலுக்கு மேலயும் கீழயும் ஒரு தடவை போய் வந்ததுதான் இப்படி நெளியும். இது நெய்து பிரிச்ச நூல்.

மாப்பிள்ளை: நீங்க போலீஸ்ல சேர்ந்திருக்கலாம் அத்தை.

அத்தை: கிண்டல் இருக்கட்டும். யாரு?

மாப்பிள்ளை: உங்க பொண்ணா இருக்கும்.

அத்தை: காலைல ஆறு மணிக்குப் போறவ ராத்திரி எட்டு மணிக்கு வர்றா. செருப்பைக் கழட்டவே அவளுக்குத் தெம்பு இல்ல. அவளா உட்கார்ந்து வரி பிரிப்பா?

மாப்பிள்ளை: அப்ப...

அத்தை: அப்ப வீட்ல மிச்சம் யாரு?

மாப்பிள்ளை: பூனையையே இன்னொரு தடவை விசாரிக்கலாம்.

அத்தை: மாப்பிள்ளை.

மாப்பிள்ளை: ஒரு சந்தேகம் அத்தை. ரொம்ப நாளா கேட்கணும்னு. வரி போடறப்போ நூலை நேரா இழுக்காம, குன்று மாதிரி மேல வளைச்சு விட்டுட்டு அப்புறம் அழுத்தறீங்களே, அது ஏன்?

அத்தை: நேரா இழுத்தா ரெண்டு ஓரமும் உள்ள வந்துடும். வளைச்சு விட்டாத்தான் நூல் தாராளமா உட்காரும். தொட்டிகிட்ட பாருங்க, துணிக்கு இடுப்பு விழுந்திருக்கு. அப்ப எனக்கு இது தெரியாது.

மாப்பிள்ளை: ஆமா, படிக்கட்டை விடத் தொட்டி ஒல்லியாத்தான் இருக்கு.

அத்தை: தெரியாம பண்ணினது. இப்பத் தேறிட்டேன்ல?

மாப்பிள்ளை: நல்லாவே தேறிட்டீங்க. பதினொண்ணாவது வரில மட்டும் வலது ஓரம் ஒரு நூல் உள்ள வந்திருந்தது. மத்தபடி...

அத்தை: எத்தனாவது வரி?

மாப்பிள்ளை: பதினொண்ணு.

அத்தை: இப்ப நீங்களே எண்ணினீங்க. இருக்கறது ஒன்பதுதான். இல்லாத வரில எப்படிப் பிழை பிடிச்சீங்க?

மாப்பிள்ளை: எழுத்தைப் பார்த்துப் பார்த்து கண்ணு அப்படி ஆயிடுச்சு அத்தை. எதைப் பார்த்தாலும் பிழைதான் முதல்ல தெரியுது.

அத்தை: நேத்து நான் மத்தியானம் படுத்தப்போ இங்க வந்திருக்கீங்க.

மாப்பிள்ளை: சும்மா பார்க்கத்தான்...

அத்தை: கண்ணால மட்டும் பார்த்தீங்களா?

மாப்பிள்ளை: ...கையாலயும்.

அத்தை: நினைச்சேன். ஏன் மாப்பிள்ளை? நல்லா இல்லைன்னா என்கிட்டயே சொல்லலாமே. உங்க தாள்ல சிவப்பு வட்டம் போடற மாதிரி இதுலயும் போட்டிருக்கலாம்.

மாப்பிள்ளை: நல்லா இல்லைன்னு யாரு சொன்னா? முடிஞ்சா நீங்க கிளம்பிடுவீங்க. அதுக்குத்தான் பிரிச்சேன்.

அத்தை: ...என்ன?

மாப்பிள்ளை: பத்து நாளா பிரிக்கிறேன். பாவு நூல் கட்டச் சட்டத்துல ஆணி அடிச்சுக் கொடுத்தப்பவே தெரிஞ்சிருந்தா இன்னும் நெருக்கமா அடிச்சிருப்பேன். ஆறு மாசம் ஆகியிருக்கும்.

அத்தை: விளையாடாதீங்க. நான் கிளம்பணும்னு நினைச்சதே உங்களாலதான்.

மாப்பிள்ளை: என்னாலயா?

அத்தை: கைல கட்டோட வந்து இறங்கறேன். வாசப்படி ஏறல. பெட்டியை வாங்கிக்கிட்டே முதல் கேள்வி, எத்தனை நாளைக்கு அத்தைன்னு.

மாப்பிள்ளை: ஐயோ... அது கட்டிலுக்கு.

அத்தை: எந்தக் கட்டிலுக்கு?

மாப்பிள்ளை: நீங்க படுக்கற கட்டில் வாடகைக்கு எடுத்தது அத்தை. கடைக்காரர் போன்ல இருந்தார். நாள் கணக்கா மாசக் கணக்கான்னு உயிரை எடுத்துட்டு இருந்தார். போனைக் காதுல வெச்சுக்கிட்டுத்தானே கேட்டேன்.

அத்தை: எனக்குக் கைவலி. போனா கண்ணுல படும்?

மாப்பிள்ளை: நீங்க உடனே, கை சரியாகற வரைக்கும்தான் பயப்படாதீங்கன்னு சொன்னீங்க. இதென்ன, வந்ததுமே போறதைப் பத்திப் பேசறாங்களேன்னு எனக்கும் ஒரு மாதிரி ஆயிடுச்சு.

அத்தை: கடைக்காரருக்கு என்ன பதில் சொன்னீங்க?

மாப்பிள்ளை: மாசக் கணக்குன்னுதான்.

அத்தை: ...ரெண்டரை மாசமா நான் மனசுல வெச்சுப் புழுங்கறேன். வாயைத் திறந்து இருங்கன்னு சொல்றதுக்கு என்ன உங்களுக்கு?

மாப்பிள்ளை: உங்க பொண்ணு சொன்னா, அம்மா தனியா இருந்து பழகினவங்க, கட்டாயப்படுத்தாதீங்கன்னு. நான் கேட்டா எனக்காக இருப்பீங்க. அப்படி வேண்டாம்னுதான்...

அத்தை: அதனால வரியைப் பிரிச்சீங்க. ரொம்ப நல்ல யோசனை.

மாப்பிள்ளை: நாள் முழுக்க இந்த அறையில நானும் எழுத்தும்தான் அத்தை. இப்ப மத்தியானம் பேச ஆள் இருக்குன்னு காலைலயே சந்தோஷமா இருக்கு. நீங்க போயிட்டா எனக்குக் கஷ்டமா இருக்கும். அவ்வளவுதான். நீங்க ஏதாவது சொல்லுங்க.

அத்தை: என்னத்தைச் சொல்ல. ஊர்ல அந்த வீட்ல என்னை ஏன் எதுக்குன்னு கேட்க ஆளே கிடையாது. இங்க நீங்க அது ஏன் இது ஏன்னு... சரி, டீ ஆறுது, குடிங்க.

மாப்பிள்ளை: குடிக்கிறேன். ஆனா ஒண்ணு அத்தை. பழியை முழுசா என்மேல போடாதீங்க. நான் தினம் பிரிக்கறது ரெண்டு வரி.

அத்தை: ரெண்டோ அஞ்சோ... விடுங்க.

மாப்பிள்ளை: பதினாலும் பதிமூணும் நான். ஒத்துக்கறேன். பன்னெண்டு, பதினொண்ணு, பத்து, மூணும் நான் பிரிச்சு முடிச்சு எழுந்தப்போ இருந்துது.

அத்தை: எண்ணினீங்களா என்ன?

மாப்பிள்ளை: பிழை பார்க்கறவன் எண்ணாம இருப்பானா?

அத்தை: பூனையா இருக்கும்.

மாப்பிள்ளை: உருண்டையில சுத்தி வைக்கிற பூனையா? சரி அத்தை, கை நல்லாயிடுச்சுன்னு அந்தப் பயிற்சிப் பொண்ணு எப்ப சொன்னாங்க?

அத்தை: மூணு வாரம் இருக்கும்.

மாப்பிள்ளை: மூணு வாரமா மறந்துட்டீங்க.

அத்தை: வயசாச்சுல்ல.

மாப்பிள்ளை: சரி, நான் இனிமே பிரிக்கட்டுமா வேண்டாமா? அதையாவது சொல்லுங்க.

அத்தை: வேண்டாம் மாப்பிள்ளை. நீங்க அவசரத்துல பாவு நூலைச் சேர்த்து இழுத்துடறீங்க, அது தளர்ந்து போகுது. தினம் சாயங்காலம் நான் பிரிக்கற மூணு வரியே போதும்.