அண்ணன் படுக்கச் சொன்ன வாய்க்கால்

"படு! அம்மா, தலையத் தூக்காத!"

பகல் பதினொரு மணி. கம்பத்தில் எங்கள் திராட்சைப் பந்தலுக்கு அடியில், வாய்க்காலுக்குள் கிடக்கிறோம். என் முதுகில் அண்ணனின் முழங்கை. அம்மாவின் வாயில் சேறு. இரண்டு வெடி கேட்டது. மூன்றாவது சற்றுத் தள்ளி. பக்கத்துத் தோட்டத்தில் மைனா விரட்டுகிறார்கள். வெறும் ஓலைவெடி. அண்ணனுக்கு அது வேறு.

எழுபத்தொன்றில் பட்டாளத்தோடு சண்டைக்குப் போனவன். மறு வருஷம் திரும்பினான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஊரே சந்தோஷப்பட்டது. நாங்களும்தான், முதல் வெடி வரைக்கும்.

எங்கள் தோட்டத்தில் வெடியை நிறுத்தினோம். பழத்தை மைனா தின்றது. பக்கத்துத் தோட்டக்காரர்களிடம் கெஞ்சினோம். இரண்டு நாள் நிறுத்தினார்கள். அவர்களும் பிழைக்க வேண்டுமே. ஒரு நாள் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். தெருவில் யாரோ கல்யாண வெடி போட்டார்கள். அண்ணன் மாப்பிள்ளையின் அப்பாவை இழுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். காப்பாற்றத்தான். அவர்கள் காப்பி குடிக்காமலே போய்விட்டார்கள். இவன் சண்டையிலேயே செத்திருக்கலாம் என்று அன்று நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை.

"மேகமலைக்குக் கொண்டு போயிருவோம் தாயி. அங்கன ஒரு சத்தமும் கிடையாதுன்னு மாமா சொன்னாக" என்றாள் அம்மா. மாமா அங்கே ஏலக்காய்த் தோட்டத்தில் கங்காணி.

சின்னமனூரிலிருந்து ஜீப். தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளில் ஒன்று, மாமாவின் லயத்து வீடு. ஐந்து நாள். அண்ணன் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டான். அம்மா சிரித்தாள்.

ஆறாம் நாள். சாயங்காலம் நான்கு மணி. ஏலக்காட்டுக்குள் யானை இறங்கிவிட்டது. விரட்ட வெடி போடுகிறார்கள். வாரம் ஒருமுறை நடப்பதுதானாம். மாமாவுக்கு அது ஒரு சத்தமாகவே தோன்றியதில்லை. அவ்வளவு பழகிப்போன காது.

ஏழு வெடி. எண்ணினேன்.

"படுங்க! எல்லாரும் படுங்க!"

அம்மாவைப் பள்ளத்தில் தள்ளினான். மேலே விழுந்து மூடினான். பிறகு எழுந்தான். வெடி கேட்ட பக்கமே ஓடினான். யாரையோ தூக்கிவரப் போகிற ஓட்டம்.

"ஏலே, நில்லுடா!" மாமா கத்துகிறார். பனி மூடுகிறது.

ஒன்பது நாள் தேடினோம். அண்ணனின் ஒரு செருப்பு கிடைத்தது. இடது கால்.

பத்தாம் நாள் மத்தியானம் கம்பம் வந்தோம். பாயை விரித்துப் படுத்தேன். இனி எந்தச் சத்தத்துக்கும் பயப்பட வேண்டாம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நன்றாகத் தூங்கினேன்.

வெடிச் சத்தத்தில் விழித்தேன். அம்மாவைக் காணோம். தோட்டத்துக்கு ஓடினேன். வாய்க்காலுக்குள் குப்புறக் கிடந்தாள். கைகள் தலைக்கு மேல்.

"படு தாயி" என்றாள். "அண்ணன் சொல்றான்ல."

படுத்தேன்.

இழந்தது இவ்வளவு. அண்ணன் ஒருவன். இரண்டு போகம் திராட்சை. ஒரு கல்யாணம். அம்மா, அவள் சாவதற்குப் பதினோரு வருஷம் முன்பே. அந்த மத்தியானத் தூக்கம். அப்படி ஒரு தூக்கம் பிறகு எனக்கு வரவே இல்லை.